நீல அட்டை நோட்டு

அர்த்தநாரி அண்ணன் ஒருநாளும் கத்தியதில்லை.
பனங்காட்டுப் பட்டறையில் பதினாறு பேர்
ஊதுகுழலின் சீற்றத்துக்குள் குனிந்திருக்க
அவர் பேச்சு மட்டும் மெல்ல வரும்.
காதில் விழ வேண்டுமென்றால்
நாங்கள்தான் தீயைக் குறைக்க வேண்டும்.

நாற்காலி ஒன்றே ஒன்று. அவருடையது.
அதில் அவர் உட்கார மாட்டார்.
எங்களோடு சாக்கில் அமர்ந்து டீ குடிப்பார்.
நாற்காலி காலியாக நின்று
எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

சனிக்கிழமை கூலி ஆறு மணிக்கு என்பது பேச்சு.
எட்டரைக்கு வருவார்.
எப்போதோ ஒரு சனிக்கிழமை ஆறுக்கே வந்துவிடுவார்.
அந்த ஒரு சனிக்கிழமையை
வருஷம் முழுக்கச் சொல்லித் திரிவோம்,
வெள்ளிப் பட்டறையில் உட்கார்ந்துகொண்டு
தங்கமான மனுஷன் என்று.

மாதையன் கணக்கில் ஐந்து கிராம் குறைந்த அன்று
தராசைத் தன் துண்டால் துடைத்து மறுபடி நிறுத்தார்.
அதே ஐந்து.
"உடுடா, கை தவறியிருக்கும்" என்றார்.
அன்றிலிருந்து மாதையன்
யாரும் கேட்காமலே வாசலில் நின்று
இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான்
சைக்கிளை எடுக்கிறான்.

கடன் கேட்டு இல்லை என்றதில்லை.
பச்சியம்மா மகளின் வளைகாப்புக்கு,
சித்தேஸ்வரனின் கிட்னிக் கல்லுக்கு,
எனக்கு, கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு முந்தின நாள்
வீட்டு அட்வான்ஸுக்கு இருபத்தையாயிரம்.
கையெழுத்தெல்லாம் எதுக்கு என்பார்.
நீல அட்டை நோட்டைப் பிரித்து
பேனா மூடியைப் பல்லால் கழற்றி
நம் முகத்தைப் பார்ப்பார்.
பார்த்துக்கொண்டே எழுதுவார்.
வட்டி கேட்டதில்லை. அசலும் கேட்டதில்லை.
வேறு பட்டறைக்குப் போவதாக யாராவது
டீக்கடையில் வாயெடுத்தால் மட்டும்
மறுநாள் காலை நோட்டு
நாற்காலிமேல் இருக்கும்.
அவ்வளவுதான். இருக்கும்.

"வசந்தாமணி, உங்கிட்ட மட்டும் சொல்றேன்" என்று
அவர் என்னிடம் சொன்னதையெல்லாம்
மற்ற பதினைந்து பேரிடமும் சொல்லியிருக்கிறார்.
அது தெரியவே பதினோரு வருஷம் ஆயிற்று.
ரகசியம் காப்பதில்
நாங்கள் அத்தனை பேரும் அவ்வளவு யோக்கியம்.

தை மாசம் அவருக்கு
ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது.
பெரியாஸ்பத்திரி மாடி ஜன்னலில்
ஏற்காட்டு வளைவுகளில் விளக்குகள் ஏறிக்கொண்டிருந்தன.
வாய் கோணியிருந்தது. சத்தம் வரவில்லை.
நல்ல கையால் சாவிக்கொத்தை
என் பக்கம் தள்ளினார்.

அன்றிரவு தனியாக ஷட்டரைத் தூக்கி
நோட்டைத் திறந்தேன்.
முதல் நாலு பக்கம்
பட்டறை கட்டிய சிமெண்ட் கணக்கு.
அப்புறம் கோடு. கோடு. ஒரு வட்டம்.
பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்ப்போமே
அந்த மாதிரிச் சுருள்கள்
பக்கம் பக்கமாக.
ஒரு பேர் இல்லை.
ஒரு தொகை இல்லை.

என் இருபத்தையாயிரத்தை
நானேதான் எழுதி வைத்திருக்கிறேன்,
தேதி கிழமையோடு,
நெஞ்சுக்குள் எங்கேயோ.

முதலில் சிரிப்பு வந்தது.
ஒரு கூட்ஸ் வண்டி முழுசாகக் கடந்து போகும்வரை
சிரித்துக்கொண்டிருந்தேன்.
பச்சியம்மா தூங்கியிருக்க மாட்டாள்,
போன் கையில்தான் இருந்தது,
ஒரு வார்த்தை.
சார்ஜ் கூட இருந்தது.

காலையில் சித்தேஸ்வரன் பக்கத்தில் வந்து நின்றான்.
"அக்கா, கொண்டலாம்பட்டியில கூப்பிடறாங்க.
கிலோவுக்கு எர்நூறு கூடத் தர்றாங்களாம்."

நான் சாக்கில் உட்கார்ந்திருந்தேன்.
நோட்டு நாற்காலிமேல் இருந்தது.
ராத்திரி எங்கே வைத்தேன் என்று
எனக்கு ஞாபகமில்லை.

பதில் சொன்னேன்.
ஊதுகுழல்களின் இரைச்சலில்
அவனுக்கு அது கேட்கவில்லை.

திரும்பிப் போய், குனிந்து
தீயைக் குறைத்தான்.