சாக்கு எடை

விழித்ததும் ஒன்று, பல் விளக்குமுன்.
அரைமணி கழித்து ஒன்று.
சாயங்காலம் ஒன்று, விளக்கணைக்கும்போது ஒன்று.
பஞ்சுச் சுருளை வாயில் ஒதுக்கிக்கொண்டு
இரண்டு நிமிஷம் காப்பி கிடையாது, பேச்சு கிடையாது.
குப்பியில் துப்பி, மேலே மணி எழுதி,
ஃபிரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்கணும்.
மங்கையர்க்கரசி அந்தத் தட்டைத் தொடுவதை விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் குப்பிகளோடு நீடாமங்கலம் ஆஸ்பத்திரி.
மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்திருந்த ரெஜினா
என்னைத் தராசில் ஏற்றினாள்.
எழுபத்தெட்டு கிலோ நானூறு.
"சாக்குக்கு ஐந்நூற்றெண்பது கிராம் கழிச்சுக்கம்மா,"
வேட்டியைக் காட்டிச் சொன்னேன்.
அவளுக்குப் புரியவில்லை.
முப்பத்தோரு வருஷம் நெல் கொள்முதலில்
எடை எழுதினவனுடைய சிரிப்பு
அந்த அறையில் தனியாகக் கேட்டது.

இடுப்பைச் சுற்றி டேப்.
கையும் காலும் வற்றிப்போய்
வயிறு மட்டும் களத்து அம்பாரம்.
கார்டிசால் என்றாள்.
பதற்றத்தில் சுரப்பது.
விடியும்போது ஏறி, இருட்டியதும் இறங்கிவிட வேண்டும்.
இறங்காமல் வருஷக்கணக்காய் நின்றால்
வயிற்றில் கொழுப்பு கட்டலாம்,
மூளையில் ஞாபகம் பதிகிற இடம் சுருங்கலாம்.
"எல்லாருக்கும்னு இல்ல சார்,
அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கோம்."

எனக்கு மூணாறு தலைப்பு கண்ணில் வந்தது.
முறை முடிந்தும் ஷட்டரை இறக்காமல்
ஆள் வீட்டுக்குப் போய்விட்டான்.
கோரையாற்றில் இரவெல்லாம் ஓடுகிறது
எந்த வயலும் கேட்காத தண்ணீர்.

எனக்கு விழிப்பு மூன்று மணிக்கு.
அந்த நேரத்துக்குக் குப்பி தரவில்லை அவள்.

பத்து வார்த்தை வாசித்தாள், நிதானமாக.
பிறகு வேறு என்னென்னவோ கேட்டாள்:
இன்றைக்கு என்ன கிழமை,
நூறிலிருந்து ஏழேழாய்க் கழி.
கழிப்பதில் நான் சோடை போகவில்லை.
பழக்கம்.

"இப்ப அந்தப் பத்தையும் சொல்லுங்க சார்."
பல்லி. மோதிரம். கிணறு.
எலுமிச்சை... தபால்காரர்.
கொஞ்சம் பொறுத்து, கரண்டி.
ஏழாவது போய்விட்டது, எட்டாவதும், பத்தாவதும்.
தேடினால் வெறும் தரை.

ஒன்பதாவது இருந்தது.
தார்ப்பாய்.

அந்தத் தை மாதம் நிலையத்தில் மூன்று இருந்தது.
மூன்றையும் வியாபாரியின் லாரிக்குக் கட்டக் கொடுத்தேன்.
எவ்வளவுக்கு என்பதும் ஞாபகம் இருக்கிறது.
அஞ்சம்மாளின் அறுபத்திரண்டு மூட்டை
நாலு நாளாய் வெட்டவெளியில்.
மீட்டர் பதினாறரை காட்டியது.
நான் பத்தொன்பது என்றேன்.
ஈரம், காய வெச்சு எடுத்துட்டு வா.
ராத்திரி மூன்று மணிக்கு மழை பிடித்தது.

ஐந்தாம் நாள்
சாக்குத் தையல் வழியே பச்சையாய் முளை.
அவள் ஏசவில்லை, மண் வாரித் தூற்றவில்லை.
ஒரு முளையைக் கிள்ளிவந்து
என் ரிஜிஸ்டரில், எழுதுகிற வரிமேல் வைத்தாள்.
நான் பக்கத்தை மூடிவிட்டு
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன்.

ரெஜினா பென்சிலோடு காத்திருந்தாள்.
"வேற ஏதாவது, சார்? அவசரமில்ல."
நாக்கடியில் பஞ்சு போல் ஊறிக்கிடந்தது வார்த்தை.
"மறந்துபோச்சும்மா."
ஆறு என்று எழுதினாள்.
எதிரே இருப்பவர் எழுதுவதைத் தலைகீழாய்ப் படிக்க
எனக்கு வரும்.
வாழ்நாளில் முதல்தடவை
குறைத்து எழுதியது என் கணக்கில் விழுந்தது.
அவள்மேல் தப்பில்லை. தராசிலும் இல்லை.

அடுத்த ஆள் வாசலில் வந்து நின்றார்.
நான் எழுந்திருக்கவில்லை.
மூன்று மணிக்கு ஒரு குப்பி கிடைக்குமா என்றேன்.
"லிஸ்ட்டில இல்லையே சார்."
என் முகத்தில் என்ன பார்த்தாளோ,
டப்பாவைத் துழாவி ஒன்றை எடுத்துத் தந்தாள்,
லேபிள் ஒட்டாதது.