நூற்றெட்டு டெசிபல்

ஆஸ்டின் டவுன் மைதானத்தில்
காலை ஏழரை மணி.
இன்னும் பிறக்காத ஒரு கிளப்புக்காக
முப்பது பேர் கத்த வந்திருந்தார்கள்.
தலைக்கு நானூறு ரூபாய், ஒரு மத்தூர் வடை,
தொண்டைக்கு வெந்நீர்.

என் கையில் ஒலிமானி.
தன்மய் சேத் கையில் பட்டியல்:
ஆறு பெயர்கள், ஆறும் ஆங்கிலம்,
ஆறும் எதையாவது எரிக்கும், கிழிக்கும்,
இல்லையென்றால் கர்ஜிக்கும்.
"மூன்று அசை தாண்டினால்
கேலரியில் உடைந்துவிடும்" என்றார்.
கிரானைட் விற்ற பணத்தில் அணி வாங்கிய உமாபதி
குடைக்குக் கீழே தலையாட்டினார்.
அவருக்குச் சிங்கம் பிடிக்கும்.
நாட்டில் பாதி கிளப்புகளில்
சிங்கம்தான் மேய்கிறதென்று
யாரும் அவரிடம் சொல்லவில்லை.

டைட்டன்ஸ்: தொண்ணூற்றொன்று.
பிளேஸ்: எண்பத்தொன்பது. ஈர விறகு.
ராப்டர்ஸ் வந்தபோது
சவரிராஜ் கையைத் தூக்கினான்.
"அக்கா, அது என்ன மிருகம்?"
எப்பவோ செத்துப்போனது, என்றேன்.
"அப்ப சரி" என்று கத்தினான்,
துக்கவீட்டில் ஒப்புக்கு அழுபவன் மாதிரி.

அட்டைப்பெட்டியில் மாதிரிச் சட்டைகள்.
எட்டு நீலம். எட்டுக்கும் எட்டுப் பெயர்.
இந்த மைதானத்தில் எந்தச் சட்டையும்
இடைவேளைக்குள் செம்மண் நிறமாகிவிடும் என்பதை
இங்கே பிள்ளைகளின் சட்டை துவைத்த
எந்தப் பெண்ணும் சொல்லியிருப்பாள்.
அவர்களை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

எனக்கும் ஒரு பெயர் வாய்வரை வந்தது.
தமிழ்ப் பெயர்.
பக்கத்துத் தெருவில் பிறந்தவள் நான்.
வீட்டில் தமிழ், வாசலில் கன்னடம்,
சம்பளச் சீட்டில் ஆங்கிலம்.
எந்தச் சொல்லை எந்தப் படியில் கழற்றிவைக்க வேண்டுமென்று
செருப்பைப் போலப் பழகியிருக்கிறது.
விழுங்கிக்கொண்டேன். வெந்நீர் உதவியது.

வடை இடைவேளையில்
பையன்கள் மாதிரிப் பந்தை எடுத்துக்கொண்டார்கள்.
புதுப் பந்து. நடுவில்
பெயர் அச்சிட விட்டிருந்த வெள்ளை வட்டம்.
நவாஸ் இடதுகாலால் தூக்கினான்.
பந்து கம்பத்தைத் தாண்டி,
வேப்பமரத்தைத் தாண்டி,
மதிலில் ஒரு கணம் உட்கார்ந்து யோசித்து,
ராஜகால்வாய்க்குள் விழுந்தது.

போச்ச்சு!

முப்பது தொண்டை. பாதிப் பேர் போச்சு,
பாதிப் பேர் ஹோய்த்து,
நடுவில் எங்கோ ஒரு கயா.
மூன்றும் ஒரே வாயில் வந்ததுபோல்
பருந்துகள் மரத்தைவிட்டு எழும்பின.
ஒலிமானியை நான் அணைத்திருக்கவில்லை.

நூற்றெட்டு.

தன்மய் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"என்ன சொன்னார்கள்?"
போச்சு என்பதை எப்படிச் சொல்வது?
பரீட்சையில், வட்டிக்கடையில்,
கடைசிப் பஸ் கிளம்பிய நிறுத்தத்தில்,
பாதி அழுகையும் பாதிச் சிரிப்புமாக
நாங்கள் சொல்வதை?
"பந்து விழுந்துவிட்டது சார்" என்றேன்.
"நூற்றெட்டா, நல்ல எண்" என்றார் உமாபதி.

சவரிராஜ் கால்வாயில் இறங்கி எடுத்துவந்தான்.
குழாயடியில் மூன்று முறை கழுவியும்
வெள்ளை வட்டத்தில்
லேசாக ஒரு கறுப்பு நின்றது.
அறிக்கையில் ஏழாவது வரி போட்டேன்:
பெயர் என்ற இடம் காலி. எதிரே நூற்றெட்டு.
தட்டச்சுப் பிழை என்று வெட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சிங்கம் ஜெயித்தது.
நீலத்தில் ஆறாவது நீலம்.

முதல் ஆட்டத்துக்கு
டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் போனேன்.
மழை. எண்பத்தொன்பதாவது நிமிடம்.
காலிக் கோல், கீப்பர் தரையில்,
எங்கள் ஆள் அடித்தது
கம்பத்துக்கு மேலே, இருட்டுக்குள்.
கேலரி முழுக்க எழுந்தது.
சிங்கத்தை யாரும் கூப்பிடவில்லை.

எதிர்ப்புறம் கண்ணாடிப் பெட்டிக்குள்
உமாபதியும் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார்.
உதடு மூடித் திறந்ததா,
வெறுமனே குவிந்ததா,
போ-வா, ஹோ-வா,
அவ்வளவு தூரத்தில், அந்த மழையில்
தெரியவில்லை.