ஒரு கிராம் உலர்ந்த நுரையீரலில்

வெள்ளை பிளாஸ்டிக் வாளி. மூடியைச் சுற்றி மூன்று சுற்று டேப்.
குருமானிலிருந்து ஜோஹன்னஸ்பர்க் வரை
இரவு வண்டியில்
ஒரு ஜோடி நுரையீரலும் இதயமும்
ஃபார்மலினில் அலம்பி அலம்பி வந்திருக்கின்றன.
இதயத்தை யாரும் கேட்கவில்லை.
சேர்த்தே அனுப்ப வேண்டும், விதி அப்படி.

கெடிபோன்யே செபோகோ. வயது எழுபத்தொன்று.
வலது மேல்மடலில் எலுமிச்சை அளவு கட்டி.
புற்றுதான். அதைச் சொல்ல நான் தேவையில்லை.
யார் வைத்த புற்று என்பதுதான் வழக்கு.

புகைப்பாரா?
மகள் ஒரதிலே எழுதியிருக்கிறாள்: மூக்குப்பொடி. ஞாயிறு மட்டும்.
வேலை செய்த ஆண்டுகள்?
பதினாறு என்று எழுதி, அடித்து,
பதினெட்டு என்று எழுதி, அதையும் அடித்து,
ஓரத்தில் பென்சிலால்:
ஏழு வயதில் அம்மாவைச் சாக்குக்குள் இறக்கிவிடுவார்கள்.
குதித்து மிதித்தால்தான் நார் அமுங்கும்.
பிள்ளைகளுக்குக் கனமில்லை, சாக்கு கிழியாது.

சுரங்கக் கம்பெனியின் பேரேடு வந்தது, மங்கிய நகல்.
அவள் அப்பாவின் பெயர் இருக்கிறது,
மண்வெட்டிக்காக அவரிடம் பிடித்த காசுகூட இருக்கிறது.
சாக்குக்குள் குதித்தவர் ஒருவரும் இல்லை.

சரி, நுரையீரலையே கேட்போம்.
கட்டிக்குத் தள்ளி ஒரு துண்டு வெட்டி
பாதியை உலர்த்தி நிறுத்தேன்.
மீதியைப் பிளீச்சில் போட்டேன்,
கழிவறைக்கு ஊற்றுவோமே, ஏறக்குறைய அதுதான்.
சதை கரைந்தது. கல் கரையவில்லை.

வடிதாளில் மிஞ்சியதை லென்ஸின் கீழ் வைத்தால்
பொன்னிறம்.
கல்நார். கல்லில் உரித்த நார்.
வெளியே தள்ள முடியாத நாரை
உடம்புதான் என்ன செய்யும்?
பூத்தொடுப்பதுபோல் அதில்
இரும்பை மணிமணியாகத் தொடுத்துவைத்திருக்கிறது,
அறுபத்துச் சொச்சம் வருஷமாக,
சூட ஒரு தலையில்லாத சரம்.

கட்டம் கட்டமாக எண்ணினேன்.
நடுவில் யாரோ கதவைத் தட்ட, விட்ட இடம் மறந்து
முதலிலிருந்து எண்ணினேன்.
ஒரு சாக்கு நிறைந்தால் அவளை
அடுத்த சாக்கில் இறக்கியிருப்பார்கள்.

ஒரு கிராமுக்கு நாற்பத்தோராயிரத்து இருநூறு.
பேரேடு எழுதாத சம்பளச் சீட்டு.
'தொழில்வழி நோய்' என்ற கட்டத்தில் டிக் போட்டு
கையெழுத்திட்டு அனுப்பினேன்.

ஆறு வாரம் கழித்து ஒரதிலே ஃபோனில் வந்தாள்.
பணம் எப்போது என்று கேட்பாள் என நினைத்து
வேறொரு அலுவலகத்தின் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன்.
"இதயம் எப்படி இருந்தது?" என்றாள்.

வலப்பக்கம் தடித்திருந்தது,
அந்த நுரையீரலுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
அவளிடம் சொன்னேன்.