கண்டவுடன்

தேவகோட்டையில் வக்கீல் வயிரவன்
மூன்று தேசத்துச் சட்டங்களை
மேசையில் பரப்பிவைத்திருக்கிறார்.
மின்விசிறிக் காற்றில் படபடக்கும் ஒன்றின்மேல்
என் பாஸ்போர்ட்டை வைத்து அழுத்துகிறார்.

கிள்ளான் துறைமுகத்து மருந்துக் கிடங்கில்
காலாவதித் தேதியைத் தின்னரால் துடைத்ததைப் பார்த்தேன்.
பெட்டிகள் ஏறிய கப்பலின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.
பதினோராம் நாள் வேலை போனது.
அதோடு விசாவும்.

"அங்கேயே இருந்திருந்தா அந்தச் சட்டம்.
இங்கே சொல்லியிருந்தா இது.
நீங்க அங்கே சொல்லிட்டு இங்கே வந்துட்டீங்க, உமையாள்."
கம்பெனி பதிவானதோ மூன்றாவது தேசத்தில்.
அங்கே நான் யாரோ.

சுவரில் ஒரு பழைய உண்டியல்.
அதற்கு மட்டும் சரியான சட்டம்,
கண்ணாடி போட்டது.
இரங்கூனில் எழுதிய நாலு வரி:
கண்டவுடன் கொடுக்கவும்.
கையெழுத்தைப் பார்த்தே
சைகோனில் எண்ணிக் கொடுத்திருக்கிறார்கள்.
அந்தக் கையெழுத்தில்
யார் யார் வயலோ போயிருக்கும், அது வேறு கணக்கு.
நானும் கண்டவுடன்தான் கொடுத்தேன்.
எந்த ஊர்க் கல்லாவிலும் அது செல்லவில்லை.

"மூணுக்கும் பொதுவா ஒண்ணு வரணும்.
மனுப் போடுறோம்."
பேனாவை நீட்டுகிறார்.
கை நடுங்காமல் போட்டேன்,
முழுப் பெயர், இனிஷியலோடு.

காரைக்குடி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரி
பிள்ளைக்கு இருமல் மருந்து ஊற்றப் போகிறாள்.
"ஒரு நிமிஷம்மா."
பாட்டிலை வாங்கித்
தேதியை நகத்தால் சுரண்டுகிறேன்.
எழுத்து அசையவில்லை.
அவள் பிள்ளையைக் கொஞ்சம்
தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள்.