வாளி எண் ஏழு

லாங்கென்டால். பயிற்சியின் இரண்டாம் நாள்.
அவரவர் சமையலறைக் கழிவை
அவரவரே கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.
ரயிலில் மடியில் வைத்து வந்தேன்.
மூடி கழன்றால் பெட்டி முழுக்க
என் தொழில் மணக்கும்.

பன்னிரண்டு பேர், பன்னிரண்டு வாளி.
பள்ளிக்கூடச் சமையற்காரி, வைத்தியசாலைக் கொள்முதல் அதிகாரி,
ஏரிக்கரை ஹோட்டலில் இருந்து யூர்க்.
அவன் வாளி மட்டும் சந்தேகப்படும்படி சுத்தம்.

கையுறை போட்டுப் பிரிக்க வேண்டும்:
தோல், தட்டில் மிஞ்சியது, தொடாமலே போனது.
பயிற்சியாளர் ரெகுலா தராசைப் பார்த்து
எண்ணை மட்டும் சொல்வாள், முகத்தைப் பார்க்க மாட்டாள்.
அதுவும் ஒரு கருணைதான்.

என்னுடையது ஏழாவது.
முதியோர் இல்லம், செவ்வாய் இரவு:
நாலு கிலோ இருநூறு.
அதில் மூன்று கிலோ கரட்.
வட்டமாய், ஒரே கனத்தில், நான் வெட்டியது.
ஒன்றிலாவது ஒரு கடி இல்லை.

"உப்புக் குறைவோ?" என்றான் யூர்க்.
சுருக்கென்றது. பதினெட்டு வருடச் சமையல்.

பிறகுதான் ஒரு துண்டை நசுக்கிப் பார்த்தேன்.
விரலுக்கே மசியவில்லை.
சத்துப் போகாமல் அரைவேக்காட்டில் இறக்கச் சொன்ன
போன வருடப் பயிற்சியின் சான்றிதழ்
இன்னும் என் அடுப்புக்கு மேலே தொங்குகிறது.

படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்துக்குள்
ஜெர்மனில் ஒரே சொல் எழுதினேன்: பற்கள்.
ரெகுலா நிமிர்ந்து பார்த்தாள், முதல் தடவையாக.

மத்தியானம் சூப்.
மிச்சம் வைக்க யாருக்கும் துணிவில்லை.
யூர்க் ரொட்டியால் கிண்ணத்தைத் துடைத்துவிட்டு
கடிக்க முடியாத ஓரத்துத் துண்டை
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதை
கண்டும் காணாமல் இருந்தேன்.