ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு

ங்கொமேனிக் கரையிலிருந்து மேடைக்கு
முக்கால் மணி நேரம், கடல் முறைக்காமல் இருந்தால்.
தண்ணீருக்குள் இரும்புக் கால் ஊன்றி நிற்கும் மேடை.
இத்தாலிக்காரர்களை ஏற்றிப் போவேன், இறக்கி வருவேன்.
ரொட்டி, பனிக்கட்டி, வெங்காயம்.
ஒருநாள், போர்வை சுற்றிய பெட்டி ஒன்று.
"குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடி, கலூமே" என்றான் எர்மானோ.
என் குழந்தைகளை நான் அப்படிப் பிடித்ததில்லை.
ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் படாமல் கொண்டுசேர்த்தேன்.

உள்ளே என்ன என்றேன்.
கண் என்றான். எக்ஸ்ரே கண்.

எக்ஸ்ரே என்றால் எனக்கு ஜூம்வாவின் படம்தான்.
அந்த வருஷம் மலிந்தி ஆஸ்பத்திரியில்
டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.
கட்டிய பெண்டாட்டியை அதற்கு முன்
அவ்வளவு ஆழமாக நான் பார்த்ததில்லை.
கறுப்பெல்லாம் காற்று, நல்லது.
வலது மேல் மூலையில்
பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளை.
அதைப் பற்றி அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை.

இதே கதிர்தான் நட்சத்திரத்திலிருந்தும் வருகிறது என்று
எர்மானோ சொன்னபோது
எஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டேன்:
வருகிறதென்றால் கரையிலேயே நின்று பார்க்கலாமே,
எதற்கு ராக்கெட்?
தலைக்கு மேல் கையை வீசினான்.
இது தடுக்கிறது.
எது? அங்கே ஒன்றுமில்லையே.
அந்த ஒன்றுமில்லாததுதான்.

ஒரு நெஞ்சளவு காற்றைத் துளைத்துப் போகும் கதிர்
ஒரு வானத்தளவு காற்றில் மூச்சு முட்டிச் செத்துவிடுகிறது.
சாகாமல் வந்திருந்தால்
நட்சத்திரம் நன்றாகத் தெரியும்,
பார்க்கத்தான் யாரும் இருக்க மாட்டோம்.
இதைச் சொல்லிவிட்டுப் படகின் விளிம்பில் வாந்தி எடுத்தான்.
இரண்டு வருஷமாகியும் அவனுக்குக் கடல் பழகவில்லை.

டிசம்பர் பன்னிரண்டு, எங்கள் விடுதலை நாள்.
கரையில் கொடி, மேளம், பள்ளிக்கூடப் பிள்ளைகள்.
ராத்திரி முழுக்க ஏதோ சரியில்லை, ஏதோ சரியில்லை என்று தள்ளிப்போட்டு
நண்பகல் தாண்டித்தான் கிளப்பினார்கள்.
உஹுரு என்று அதற்குப் பெயர். எங்கள் சொல்.
எனக்கு ஞாபகம் இருப்பது சத்தமல்ல.
சத்தம் வந்துசேரும் முன்பே
படகிலிருந்த தகர வாளித் தண்ணீரில்
வட்டம் வட்டமாகக் கிளம்பியது.

ஒன்றரை வருஷம் கழித்து,
தெற்கிலிருந்து கூசிக் காற்று எழும் மாதத்தில் கடிதம்.
தபால்காரர் முவாரிங்கா வாசித்துக் காட்டினார்:
தென்சிலுவைக்கு மேற்கே ஒரு முட்டி தள்ளி
உன் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, கலூமே.
செத்துச் சுருங்கிய நட்சத்திரம்.
மலிந்திக்கும் ங்கொமேனிக்கும் உள்ள தூரம்கூட இல்லை
அதன் குறுக்களவு.
பக்கத்துப் பெரிய நட்சத்திரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது.
வந்து விழுவதெல்லாம் கொதித்து அந்த ஒளியாகிறது.
ஐந்து விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக
ஒவ்வொரு முறையும் மின்னுகிறது.
இரண்டு நாளைக்கொருமுறை துணையின் பின்னே மறைகிறது.

ஜூம்வா சிரித்தாள்.
"கட்டியவளைத் தின்றுகொண்டே
அவள் முதுகுக்குப் பின்னாலேயே ஒளிகிறானா?
இந்தக் கரையிலேயே அப்படி நாலு பேரை எனக்குத் தெரியும்."
சிரித்தால் அவளுக்கு இருமல் வரும்.
வரவில்லை.

அன்று ராத்திரி வெளியே படுத்திருந்தோம்.
சிலுவை தெற்கே சாய்ந்து கிடந்தது.
கையை நீட்டி, முட்டி மடக்கி, மேற்கே அளந்தேன்.
இருட்டுதான்.

ஊசி போட்ட மாதங்களில்
அவள் மூச்சை எண்ணிப் பழகியவன் நான்.
ஒன்று, இரண்டு,
அதற்குள் அடுத்தது வந்துவிடும்,
ஓடிவந்த நாய்க்கு இரைப்பதுபோல்.
இப்போது எண்ணினேன்.
ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.
ஐந்து சொல்ல வாய் திறக்குமுன்
அவள் நெஞ்சு ஏறியது.
மறுபடி எண்ணினேன். மறுபடியும்.

எர்மானோவுக்கு இதை எழுதச் சொல்லலாமா என்று யோசித்தேன்.
பிறகு, விடிந்ததும்
பனிக்கட்டி ஏற்ற வேண்டியிருந்தது.