ஆறாவது துளை

பின்லாந்தின் ஓவுலுவில் நவம்பர்.
எட்டு மணிக்கும் விடியாத ஜன்னல்.
மரத்தடி லாரி ஓட்டும் அர்மாஸ்
மேசையில் ஏறுமுன் ஒன்றே ஒன்று கேட்டான்:
"எனக்குள் வரப்போவது யாருடைய கை?"

டாக்டர் கைசு வலது கையை நீட்டினாள்.
தமிழ்க் காதுக்கு அவள் பெயரிலேயே கை இருக்கிறது.
அது அவளுக்குத் தெரியாது.
டயரில் காற்று பார்ப்பவன் போல
அவன் அதை அழுத்திப் பார்த்தான்.
"சின்னதுதான்."
"இதுகூட உள்ளே வராது" என்றாள்.

வயிற்றை ஊதிக் கூடாரமாக்கினார்கள்.
ஐந்து துளை, ஒவ்வொன்றும்
கோட்டுப் பொத்தான் நுழையும் அளவு.
பிளாஸ்டிக் உறை மாட்டிய நான்கு கரங்கள்
மேலிருந்து இறங்கின,
மழைக்கோட்டுப் போட்ட நண்டு
குனிந்து பார்ப்பது போல.

கைசு அங்கே இல்லை.
நான்கு எட்டு தள்ளி, சுவரோரம்,
செருப்பைக் கழற்றிவிட்டுக்
கம்பளிக் காலுறையோடு உட்கார்ந்திருக்கிறாள்.
முகம் ஒரு பெட்டிக்குள்.
பெட்டிக்குள் பத்து மடங்கு பெருத்த சிறுநீரகம்,
பனியில் பாதி புதைந்த பாறையாய்க் கொழுப்பில்.
அதன் ஓரத்தில் கட்டி,
நெல்லிக்காயை விடச் சற்றே பெரிது.

அவள் விரல் மூன்று அங்குலம் நகர்ந்தால்
உள்ளே கத்தி ஓரங்குலம்.
காலையில் குடித்த நாலு காபியின் நடுக்கம்
கம்பியில் எங்கோ வடிந்துபோகிறது.
கண்ணுக்கு எல்லாம் வருகிறது.
விரலுக்கு மட்டும் ஒன்றும் வருவதில்லை.
கல்லா களியா, தொட்டுச் சொல்ல வழியில்லை.
நூல் இறுகுவதைச்
சதை வெளுப்பதில் படிக்கிறாள்.
கண்ணுக்குத் தொடச் சொல்லிக்கொடுத்து
ஏழு வருடம் ஆயிற்று.

"கவ்வு" என்றாள்.
பக்கத்தில் நின்ற இய்ரோ
கடிகாரத்தை அழுத்தினான்.
ரத்தம் நிறுத்திய சிறுநீரகம்
இருபத்தைந்து நிமிடம் பொறுக்கும்.
அதற்கு மேல் கோபித்துக்கொள்ளும்.

ஏழு. கட்டி பிரிந்தது.
பதினொன்று. முதல் தையல்.
பதினாறில் ஒரு சிவப்பு
படம் முழுக்க ஏறியது.

யாரும் பேசவில்லை.
இய்ரோ உறிஞ்சுகுழாயை உள்ளே விட்டான்.
மூலையில் துணி மூடிய தட்டு,
வயிற்றைத் திறக்க வேண்டிவந்தால்
என்று வைத்த பெரிய கத்திகளோடு.
அதை யாரும் பார்க்கவில்லை,
எல்லோருக்கும் அது தெரிந்தது.
துழாவிப் பிடிக்க அவளுக்கு விரல் இல்லை.
காத்திருந்தாள்.
இரண்டு மூச்சு.
குழாய் குடித்து முடித்த இடத்தில்
சின்னதாக ஓர் ஊற்றுக்கண்.
அதன்மேல் ஊசி.
இருபத்தொன்று.
"விடு."
வெளுத்துக் கிடந்த சிறுநீரகம்
மெல்ல மெல்ல வெட்கப்பட்டது.

அன்றிரவு மகனின் கையுறையில்
பிரிந்த தையலைப் போட உட்கார்ந்தாள்.
இழுத்ததும் நூல் விரலை அறுத்தது.
திடுக்கிட்டாள்.
பிறகு இன்னொரு முறை,
வேண்டுமென்றே, மெதுவாக
இழுத்துப் பார்த்தாள்.

ஜனவரி. சவுனா அறை.
அண்ணன் தௌனோவின் விலாவில்
எண்பத்தேழில் போட்ட வெட்டு:
முதுகில் புறப்பட்டுத் தொப்புளருகே வந்து நிற்கும்
ரயில் பாதை.
ஒரு விலா எலும்பையும் எடுத்துக்கொண்டார்கள்.
ஒரு குளிர்காலம் முழுக்க
விறகு பிளந்தது பக்கத்து வீட்டுக்காரன்.
யார் வந்தாலும் அந்தக் கதை உண்டு.

அர்மாஸ் தன் வயிற்றைக் காட்டினான்.
தௌனோ குனிந்தான்.
"கொசுவா கடித்தது?"
கல்லில் தண்ணீர் ஊற்றினான். சீறிற்று.
"மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்."
"அப்புறம் எதை வைத்து நம்புவது?"

ஆவிக்குள் விரல் வைத்து எண்ணினான்.
ஐந்தோடு முடியவில்லை.
தொப்புளுக்குக் கீழே ஒரு கோடு.
"இது?"
"இது வந்த வழி இல்லை, போன வழி.
அவர்கள் சாமான் எல்லாம்
பொத்தான் துளையில் நுழைந்துவிட்டது.
எனக்குள் வளர்ந்ததற்குத்தான்
கதவு திறக்க வேண்டியிருந்தது."

தௌனோ பேசவில்லை.
தன் கட்டைவிரலை அந்தக் கோட்டின் மேல்
வைத்துப் பார்த்தான்.
சரியாக இருந்தது.